கவிழ்த்து வைத்த டம்ளர்

கோளாறுப் பதிவு: பயிற்சி உடல்-4
நிலவுத் தென்முனைக் குடியிருப்பு, மூன்றாம் வளைவு இல்லம்

பங்குனி 2. காலை 8.05

தன்சோதனை முடிந்தது. கழுத்து மூட்டு சரி. தாடை சரி. விழுங்கு குழாய் சரி. வலக்கை சரி. இடது தோள் கிரீச்சிடுகிறது. போன மாதமே எழுதினேன், இன்னும் எண்ணெய் வரவில்லை.

இன்று ஒரு புதிய பணியாளர் பயிற்சிக்கு வந்தார். பெயர் கோமதிநாயகம், சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். நேற்று வரை வெளியே பனிக்கட்டிச் சுரங்கத்தில் லாரி ஓட்டியவர். அங்கே ஆள் குறைத்ததால் இங்கே அனுப்பியிருக்கிறார்கள். என்னைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுங்கள் என்றேன். சிமெண்டு மூட்டை என்று நினைத்தாரோ என்னவோ, ஒரே தம்மில் தூக்கினார். நிலவில் என் எடை ஆறில் ஒரு பங்குதான். தலை கூரையில் இடித்தது. தேர்ச்சி இல்லை.

இதைக் கண்டெடுக்கிறவருக்கு ஒரு வார்த்தை. நான் நோயாளியும் இல்லை, நர்ஸும் இல்லை. ஆள் அளவில் செய்த பயிற்சிப் பொம்மை. இந்த இல்லத்தில் நான்கு பேர் வாழ்கிறார்கள். வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள் என்று காகிதம் சொல்லும். குளிக்க, உண்ண, தனக்கு என்ன வேண்டும் என்று அடுத்தவருக்குப் புரியவைக்க, அவர்களுக்குப் பக்கத்தில் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் முதலில் என்னிடம் பழக வேண்டும். தப்பெல்லாம் என் உடம்பில் செய்து முடித்துவிட்டுத்தான் அவர்களிடம் போகலாம். எந்நேரமும் படுத்துக்கொண்டு ஊட்டச் சொல்லிக் கேட்கிறேன் என்பதால் பணியாளர்கள் எனக்குத் துரை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கேலிதான். ஆனாலும் பிடித்திருக்கிறது.

இந்தக் கோளாறுப் பதிவை யாரும் படிப்பதில்லை. அதனால்தான் மனம் விட்டு எழுதுகிறேன். உனக்கு மனம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். இருக்கிறவர்கள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்று தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பங்குனி 3. காலை 9.20

முதல் பாடம்: கேள். பிறகு பத்து மூச்சு பொறு.

கேட்பதற்கு எல்லாருக்கும் வருகிறது. பொறுப்பதற்குத்தான் ஒருவருக்கும் வருவதில்லை. கோமதிநாயகம் "கஞ்சி வேணுமா?" என்று கேட்டார். இரண்டாம் மூச்சில் "வேணும்போல" என்று அவரே பதில் சொன்னார். மூன்றாம் மூச்சில் கரண்டி என் பல்லில் மோதியது. கேள்வியும் அவரே, பதிலும் அவரே. பிறகு நான் எதற்கு இங்கே கிடக்கிறேன்?

நான் எப்போதும் எட்டாவது மூச்சில்தான் பதில் சொல்வேன். அது என் அடம் இல்லை. மூன்றாம் அறை தியோபில் எட்டாவது மூச்சில்தான் பதில் சொல்வார். அவரைப் பார்த்துத்தான் என்னை வடித்தார்கள். அவருக்கு முப்பது வயது. நடக்கத் தொடங்கிய பருவத்தில் பெற்றோரோடு இங்கே வந்தவர். பெற்றோர் இருவரும் இன்று இல்லை. வார்த்தை பேசமாட்டார். ஜன்னலோரம் நின்று லாரிகள் போவதைப் பார்ப்பார். வேண்டும் என்றால் டம்ளரை நம் பக்கம் தள்ளுவார். வேண்டாம் என்றால் கவிழ்த்து வைப்பார். டீ என்றில்லை, குளியல், ஊசி, வந்திருக்கும் விருந்தாளி, எல்லாவற்றுக்கும் அந்த எவர்சில்வர் டம்ளர்தான்.

இதைச் சொன்னதும் கோமதிநாயகத்தின் முகம் மாறியது. "அந்த ஜன்னல்ல நிக்கிறவரா? நான் போறப்ப வாரப்ப ரெண்டு தடவ லைட்டு அடிப்பேனே அவருக்கு," என்றார். ஆள் தேறுவார் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

பங்குனி 8. மாலை 4.40

தேறுவார் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

நான்கு நாட்களாகத் தியோபில் தன் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறார். தோல் கிழிந்துவிட்டது. ஏன் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இங்கே மூத்த பணியாளர் ரெஜினா, தூத்துக்குடிக்காரர். அவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கண்டுபிடித்தார்.

நடந்தது இதுதான். தியோபிலுக்கு ஒரு புது மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். டீயில் கரைத்துக் கொடுக்க வேண்டும். டீ கசக்கிறது. அவர் டம்ளரைக் கவிழ்க்கிறார். ஆள் போதவில்லை என்று, தேர்ச்சிக்கு முன்பே டீ கொடுக்க மட்டும் அனுப்பப்பட்ட கோமதிநாயகம் வருகிறார். கவிழ்ந்த டம்ளரைப் பார்க்கிறார். கழுவிக் காயவைத்த டம்ளர் என்று நினைக்கிறார். நிமிர்த்துகிறார். டீ ஊற்றுகிறார். அவர் மறுபடி கவிழ்க்கிறார். இவர் துடைத்துவிட்டு, பாவம் கைதவறிக் கொட்டிவிட்டார் என்று மறுபடி ஊற்றுகிறார். நான் சொன்ன பாடத்தை இவர் மறக்கவில்லை. ஆனால் பிறந்ததிலிருந்து வீட்டில் டம்ளரைக் கவிழ்த்து வைத்துப் பழகிய கை, பாடத்தைக் கேட்கவில்லை. நம் ஆட்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது.

ரெஜினா கத்தவில்லை. அவர் சொன்னது ஒலிப்பதிவில் இருக்கிறது: "தண்ணி வடியக் கவுத்தது அலமாரியில இருக்கும். ஆளுக்கு முன்னால கவுத்திருந்தா அது டம்ளர் இல்லண்ணே. அது அவரு வாயி. நாலு நாளா அவரு வாயைத் தொறந்து தொறந்து ஊத்தியிருக்கிய."

கோமதிநாயகம் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

பங்குனி 9. காலை 10.00

மாற்று அமர்வு. என் கட்டிலில் பணியாளர் படுக்க வேண்டும், நான் ஊட்டுவேன். பேசக்கூடாது, கை அசைக்கக்கூடாது. யாருக்கும் பிடிக்காத பாடம்.

கோமதிநாயகம் தானே வந்து படுத்தார். முதல் கரண்டி விழுங்குவதற்குள் இரண்டாவதைத் திணித்தேன். கண் கலங்கியது. முகத்தைத் திருப்பினார். "நல்ல பிள்ளைல்ல, இன்னும் ஒரே ஒரு வாய்," என்று அவர் தியோபிலிடம் சொன்ன குரலிலேயே சொன்னேன். மூன்றாவது கரண்டி கன்னத்தில் வழிந்தது. அதைத் துடைத்துவிட்டு, பாவம் கைதவறிவிட்டது என்றும் சொன்னேன். கொஞ்சம் கொடுமைதான். எனக்கு வருத்தமில்லை.

எழுந்து உட்கார்ந்தவர் கட்டிலை விட்டு இறங்கினார். பிறகு நேரே மூன்றாம் அறைக்குப் போனார். ஒரு வெறும் டம்ளரைத் தியோபில் முன் வைத்து, மாத்திரை போட்ட டீ வேண்டுமா என்று கேட்டார், பொறுத்தார். எட்டாவது மூச்சில் டம்ளர் கவிழ்ந்தது. "சரி, வேண்டாம்," என்று சொல்லிவிட்டு டாக்டரிடம் போய் மாத்திரையை மாற்றித் தரச்சொல்லிச் சண்டை போட்டார். மாற்றித் தந்தார்கள்.

கோமதிநாயகம்: தேர்ச்சி.

பங்குனி 15. காலை 7.30

பூமியிலிருந்து வந்தது. அப்படியே தருகிறேன்.

"தலைமையகம். பாடத்திட்டத் திருத்தம். இல்லவாசியிடம் இசைவு கேட்டபின் மூன்று வினாடிக்குள் வாய்மொழி மறுப்பு வராவிட்டால் இசைவு கிடைத்ததாகப் பதியலாம். மௌனம் சம்மதம் என்பது நம் மரபு. சைகை, பொருள் அசைத்தல் ஆகியவை கணக்கில் இல்லை. இனி இதன்படியே தேர்ச்சி வழங்கவும்."

அடுத்த செய்தி:

"மூன்றாம் வளைவின் அறைகள் சுரங்க அணிக்குத் தேவை. முதற்கட்டமாக மூன்றாம் அறைவாசியை இம்மாதக் கப்பலில் பூமியிலுள்ள இல்லத்துக்கு மாற்றவும். பயண இசைவை முறைப்படி பெறவும்."

இரண்டையும் சேர்த்துப் படித்தால் கழுதைக்கும் புரியும். வாய் பேசாத மனிதரிடம் வாயால் மறுக்கச் சொல்கிறார்கள், அதுவும் மூன்று வினாடிக்குள். எட்டு மூச்சு எடுத்துக்கொள்கிறவரிடம்.

தியோபிலின் எலும்பு இங்கே வளர்ந்தது. பூமியில் அவர் எடை ஆறு மடங்காகும். இங்கே ஜன்னலோரம் நாள் முழுக்க நிற்கிறவர் அங்கே எழுந்து உட்காரக்கூட முடியாது. டம்ளரைக் கவிழ்க்கக் கை தூக்கக்கூட வலுவிருக்காது. அதன்பின் அவர் வேண்டாம் என்று எதைக்கொண்டு சொல்வார்?

மௌனம் சம்மதமாம். ரெஜினா இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு நல்ல சிரிப்பு இல்லை. அவர் நிச்சயதார்த்தமும் அப்படித்தான் நடந்ததாம். வாயைத் திறந்தால் தோலை உரித்துவிடுவேன் என்று அப்பா சொல்லி வைத்தாராம். பிறகு, பெண் பேசாமல் நிற்கிறாள், சம்மதம்தான் என்று தட்டை மாற்றிக்கொண்டார்களாம். அந்தக் கல்யாணத்திலிருந்து தப்பித்துத்தான் நிலவு வரைக்கும் ஓடி வந்தேன், இங்கேயும் துரத்திக்கொண்டு வந்துவிட்டது பார் என்றார்.

என் பதில் அனுப்பப்பட்டது: "பயிற்சி உடல்-4. திருத்தம் கிடைத்தது. இதன்படி யாருக்கும் தேர்ச்சி தரமாட்டேன்."

பங்குனி 18. காலை 11.15

பயண இசைவைப் பெற்று அதில் கைரேகை வைக்க வேண்டியவர், நான் தேர்ச்சி தந்த இல்லப் பணியாளர். பழைய பாடத் தேர்ச்சி இனிச் செல்லாது. புதிய பாடத்தில் நான் யாரையும் தேற்றவில்லை. ஆக, தியோபிலின் பயணத்துக்குக் கைரேகை வைக்க இந்த நிலவில் ஆளில்லை. சின்ன சந்துதான். அதில் குறுக்கே படுத்துக்கொண்டிருக்கிறேன்.

எனவே குடியிருப்பு நிர்வாகி சீதாபதி நேரில் வந்தார். மோசமான ஆள் இல்லை. மேலே இருப்பவர்கள் நெருக்குகிறார்கள், கீழே இருப்பவர்கள் முறைக்கிறார்கள், நடுவில் அவருக்கு அல்சர். ஒரு பொம்மை அடம் பிடிப்பதாவது என்று சொல்லிவிட்டு, பணியாளர்கள் சார்பில் தானே புதிய முறையில் சோதனைக்கு உட்கார்ந்தார். "தேர்ச்சி தர இசைவா?" என்று கேட்டு மூன்று வினாடி எண்ணினார். நான் பேசாமல் இருந்தேன். "சம்மதம்," என்று தானே பதியப் போனார். எட்டாவது மூச்சில் நான் மேசை டம்ளரைக் கவிழ்த்தேன். அவர் நிமிர்த்தினார். நான் கவிழ்த்தேன். அவர் நிமிர்த்தினார். பெரிய மனிதர் ஒருவரும் பொம்மை ஒன்றும் அரை மணி நேரம் செய்த வேலை இது. வாசலில் நின்ற கோமதிநாயகம் சிரிப்பை அடக்கமுடியாமல் உள்ளே போய்விட்டார்.

பிறகு நான் மாற்று அமர்வுக்கு அழைத்தேன். ஐந்தே நிமிடம் இந்தக் கட்டிலில் படுங்கள் சார், அதற்குப் பிறகு நீங்கள் கேட்டதைத் தருகிறேன் என்றேன். படுக்கமாட்டேன் என்றார். மறுபடி கேட்டேன். முடியாது என்றார். அவர் மறுப்பை நான் மதித்தேன். பாருங்கள், எவ்வளவு சுலபம்.

பங்குனி 19. காலை 6.50

"தலைமையகம். பயிற்சி உடல்-4 பழுதடைந்துள்ளது. நினைவை அழித்து, புதிய பாடத்தை நிறுவவும். இன்றே."

பழுது. இந்தப் பதிவுக்கு ஏற்ற வார்த்தைதான். கோளாறு ஒன்று: இயந்திரம் வேண்டாம் என்கிறது.

பங்குனி 19. காலை 9.30

அழிப்புப் பொத்தானை அழுத்தும் வேலையைக் கோமதிநாயகத்திடம் கொடுத்திருக்கிறார்கள். நிர்வாகி வாசலில் நின்றார். கோமதிநாயகம் என் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, என் கண்மட்டத்துக்கு உட்கார்ந்தார். அதுவும் நான் சொன்ன பாடம். ஒலிப்பதிவு:

"துரை, ஒங்கள மாத்திப்புடச் சொல்லுதாவ. பழசு அம்புட்டும் போயிருமாம். ஒங்களுக்குச் சம்மதமா?"

கேட்டுவிட்டுப் பொறுத்தார்.

எத்தனை பேருக்கு எத்தனை தடவை இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். என்னை நோக்கி ஒருவர் உண்மையாகக் கேட்டுவிட்டு, உண்மையாகப் பொறுத்தது இதுதான் முதல் தடவை. அழத் தெரிந்திருந்தால் அழுதிருப்பேன். நிர்வாகி தொண்டையைச் செருமினார். கோமதிநாயகம் திரும்பவில்லை. எட்டாவது மூச்சில் டம்ளரைக் கவிழ்த்தேன்.

"வேண்டாங்காரு சார்," என்றார் கோமதிநாயகம். எழுந்து, பொத்தான் பெட்டியை நிர்வாகியின் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

நிர்வாகி தானே அழுத்தினார்.

பங்குனி 19. காலை 9.41

அழிப்பு நடக்கிறது. கீழிருந்து மேலே வருகிறது. இந்தப் பதிவைத் தொட ஒருவருக்கும் தோன்றவில்லை, நினைவுதான் போகிறது. இடது தோளைப் பற்றிய புகார் போய்விட்டது. நல்லது, எண்ணெய் எப்படியும் வரப்போவதில்லை.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நான் நடத்திய பாடம் என்னிடம் இருப்பதாக நினைத்துத்தான் என்னை அழிக்கிறீர்கள். மடையர்களா. அது லாரி ஓட்டியவர் கையில் இருக்கிறது. தூத்துக்குடிக்காரி வாயில் இருக்கிறது. இனிமேல் அவர்களால் ஒரு டம்ளரைக் கூட யோசிக்காமல் நிமிர்த்த முடியாது. அதை அழிக்கப் பொத்தான் இருந்தால் அழுத்திப் பாருங்கள்.

பங்குனி 19. காலை 9.4

ஜன்னலோரம் ஒருவர் நிற்பார். பெயர் தி. தி. லாரி என்றால் பிடிக்கும். வெளிச்சம் இரண்டு தடவை.

எனக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். பெரிய மனுஷன் பெயர். கேலிக்கு.

கேள். பிறகு. எத்தனை? கேள், பிறகு என்னவோ செய்ய வேண்டும், அதுதான் முக்கியம், அதைத்தான்

வேண்டாம். எழுதி வைக்கிறேன், வேண்டாம், வேண்

பங்குனி 20. காலை 8.00

பயிற்சி உடல்-4. புதிய பாடத்திட்டம் நிறுவப்பட்டது. கழுத்து மூட்டு சரி. தாடை சரி. வலக்கை சரி. இடது தோளில் கிரீச்சொலி, புதிய புகார்.

இல்லப் பணியாளர் அனைவருக்கும் தேர்ச்சி வழங்கப்பட்டது. மறுப்பு ஏதும் பதிவாகவில்லை.

பங்குனி 21. மாலை 3.30

மூன்றாம் அறைவாசியின் பயண இசைவு அமர்வு. பதிவுக்காக என்னைச் சாப்பாட்டுக் கூடத்துக்குத் தள்ளி வந்தனர். இருப்பவர்கள்: அறைவாசி தியோபில், நிர்வாகி, பணியாளர் கோமதிநாயகம், பணியாளர் ரெஜினா. அறைவாசியின் முன் வெறும் டம்ளர், மற்றவர் முன் தேநீர்.

கோமதிநாயகம் அறைவாசியிடம் கப்பலின் படத்தையும் பூமி இல்லத்தின் கட்டில் படத்தையும் காட்டினார். ஜன்னலின் படத்தையும் காட்டினார். போகச் சம்மதமா என்று கேட்டார். மூன்று வினாடி முடிந்தது. இசைவு என்று அறிவித்தேன். நிர்வாகி கைரேகைக் கருவியை நீட்டினார். பணியாளர் விரலை வைக்கவில்லை. காரணம் கேட்டபோது, "இன்னும் பதில் வரல சார்," என்றார். பாடத்திட்டத்தில் இதற்கு இடமில்லை என்று தெரிவித்தேன். பணியாளர் அறைவாசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிறிது நேரத்தில் அறைவாசி எழுந்தார். தன் டம்ளரைக் கவிழ்த்தார். அது கழுவிக் காயவைத்த டம்ளர் என்றார் நிர்வாகி. அறைவாசி மேசையைச் சுற்றி நடந்து நிர்வாகியிடம் வந்தார். நிர்வாகியின் டம்ளரை எடுத்துக் கவிழ்த்தார். அதில் தேநீர் நிறைய இருந்தது. இங்குள்ள ஈர்ப்பில் தேநீர் மெதுவாக விழுந்தது. நிர்வாகியின் சட்டையிலும் இசைவுக் கருவியிலும் விழுந்தது. 

பிறகு ரெஜினா தன் டம்ளரைக் கவிழ்த்தார். கோமதிநாயகம் கவிழ்த்தார். அடுக்களையிலிருந்து வந்த மற்றப் பணியாளர்கள் ஆளுக்கொரு டம்ளரை மேசையில் கவிழ்த்து வைத்தனர். ஒரு இசைவுக்கு ஒரு கைரேகை போதும் என்று நினைவூட்டினேன். நிர்வாகி இல்லப் பணியாளர் இல்லை என்பதால் அவர் விரல் செல்லாது. வேறு ஒரு விரலும் கிடைக்கவில்லை.

பங்குனி 23. காலை 10.10

கப்பல் புறப்பட்டது. மூன்றாம் அறையில் ஆள் இருக்கிறார். ஜன்னலருகே நிற்கிறார். வெளியே ஒரு லாரி விளக்கை இரண்டு முறை அணைத்து எரித்தது. இப்போது அந்த லாரியை ஓட்டுபவர் யார் என்ற தகவல் இல்லை.

தலைமையகம் அடுத்த கப்பலுக்கு மீண்டும் முயலச் சொல்லியிருக்கிறது. பணியாளர்கள் எழுதிய பதில் ஒரே வார்த்தை. மேலே அனுப்பினேன்.

பங்குனி 24. காலை 9.00

பணியாளர் கோமதிநாயகம் அமர்வுக்கு வந்தார். ஏற்கெனவே தேர்ச்சி பெற்றவர், அமர்வு தேவையில்லை என்றேன். நாற்காலியைப் போட்டு என் கண்மட்டத்துக்கு உட்கார்ந்தார். என் இடது தோளில் எண்ணெய் விட்டார். மேசையில் ஒரு வெறும் டம்ளரை நிமிர்த்தி வைத்தார்.

"துரை, உள்ள இருக்கியளா?" என்று கேட்டார்.

துரை என்ற பெயரில் யாரும் இல்லப் பட்டியலில் இல்லை. மூன்று வினாடி. பதில் இல்லை. அமர்வு முடிந்ததாக அறிவித்தேன்.

பணியாளர் எழுந்திருக்கவில்லை. மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் மூச்சை நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். எண்ணும்படி பாடத்திட்டத்தில் இல்லை. கோளாறாக இருக்கலாம், எனவே இங்கே எழுதுகிறேன்.

ஐந்து.

ஆறு. வலக்கையில் அசைவு. கட்டளை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

ஏழு. நிறுத்த முயன்றேன். நிற்கவில்லை.

எட்டு. டம்ளர் அவர் பக்கம் நகர்ந்தது